மண்ணெண்ணெயில் பிழையில்லை

எங்காவது ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்து, அதன் சத்தம் இடையில் கொஞ்சம் தணிந்தால், கதைத்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுவேன். கலியாண வீட்டு ஜெனரேட்டர் என்றாலும் சரி, றோட்டுக்கரையில் கல் உடைக்கிற மிசின் என்றாலும் சரி. பக்கத்தில் இருப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பேன். சத்தம் பழையபடி ஏறும்வரைக்கும் என் நெஞ்சு என்னிடம் இருக்காது. வயது போகப் போக இது குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை, கூடித்தான் விட்டது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து வன்னியில், உடையார்கட்டில் ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டு வருடம் படித்துவிட்டு, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் சண்டையால் பாதை மூடப்பட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் நின்றுபோனவன் நான். சனத்துக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை. "இஞ்சினியர்" என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி நக்கல், பாதி மரியாதை. எனக்கு அந்தப் பாதி மரியாதையே போதுமாக இருந்தது. அப்போது எனக்கிருந்த கெப்பரை, அந்தத் தலைக்கனத்தை, இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே நாலு போடலாம் போல இருக்கிறது.

படிப்பு பாதியில் நின்றாலும் படித்த பௌதிகம் வீண்போகவில்லை. புதுச் சாமான் எதுவும் வன்னிக்குள் வராத காலம். எதைத் திருத்துவதென்றாலும் கணக்குப் பார்த்துத்தான் திருத்தவேண்டும். வளைந்த தண்டை நிமிர்த்திப் போட்டால் இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இறுகிக் கிடக்கிற சக்கரச் சில்லைக் கழற்ற எவ்வளவு சூடு காட்டினால் இரும்பு விரிந்து இளகும்? எந்த இடத்தில் உராய்வு குறையவேண்டும், எந்த இடத்தில் அது இருந்தேயாகவேண்டும்? பரீட்சைத் தாளில் பத்துப் புள்ளிக்கு வந்த கேள்விகள் எல்லாம் அங்கே கையில் எண்ணெய் பூசிக்கொண்டு முன்னால் வந்து நின்றன.

நீர் இறைக்கிற மிசின்கள்தான் எனக்குப் பெரிய வேலை. பெற்றோலைக் கண்ணால் காணமுடியாது, அதனால் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. முதலில் இரண்டு சொட்டுப் பெற்றோலைக் கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலால் விட்டு, கயிற்றை இழுத்து ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். ஓடுகிற மிசின் இடையில் நின்றால் முழு வன்னிக்கும் காரணம் ஒன்றுதான்: எண்ணெய் சரியில்லை. கலப்படம், இல்லாவிட்டால் தண்ணீர். பத்துத் தரத்தில் ஒன்பது தரம் அது உண்மையாகவும் இருக்கும். அதுதான் வினையாகப் போனது.

என் கொட்டிலுக்குப் பக்கத்துக் காணியில் ஒரு புருசனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களும் இடம்பெயர்ந்து வந்த தோட்டக்காரர்கள்தான். நான் அவரை அண்ணை என்றும் அவரின் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். ஊரை விட்டு வெளிக்கிடும்போது அண்ணை தன் நீரிறைக்கும் மிசினைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கலியாணப் படத்தைச் சுவரில விட்டிட்டு இந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு வந்த மனிசன்" என்று அக்கா அவருக்கு முன்னாலேயே சொல்லுவார்.

"படம் தண்ணி இறைக்குமோ?" என்பார் அண்ணை.

அந்த வருடம் அவர்கள் இருவரும் ஒருவரின் காணியைத் துப்புரவாக்கி மிளகாய் வைத்திருந்தார்கள். அதுதான் அவர்களின் வருடச் சாப்பாடு. மிளகாய்க் கண்டுகள் பூக்கத் தொடங்குகிற நேரத்தில் வெயில் கொளுத்தி, கிணற்று நீர் ஒவ்வொரு நாளும் கீழே போய்க்கொண்டிருந்தது. முப்பது அடிக்குப் போனதும் மிசின் வெறுமனே உறுமியது. தண்ணீர் ஏறவில்லை.

"மிசினில பிழையோ இஞ்சினியர்?" என்று அண்ணை கேட்டார்.

நான் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நிமிர்ந்தேன். "மிசின் தண்ணியை இழுக்கிறேல்லை அண்ணை. அது குழாய்க்குள்ள இருக்கிற காத்தை எடுக்கிறது மட்டும்தான். வெளியில இருக்கிற காத்துத்தான் கிணத்துத் தண்ணியை அமத்தி மேல ஏத்துது. முப்பதடிக்கு ஏத்த அதுக்குப் பெலன் காணாது."

"காத்துக்கும் பாரம் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப நாங்கள் ஏன் நசிஞ்சு போகேல்லை?"

"எங்களுக்குள்ளயும் காத்து இருக்கு அண்ணை, அதாலதான்."

பாத்தி கொத்திக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னார்: "உங்கள் ரண்டு பேருக்குள்ளயும் அது நிறையவே இருக்கு." மூன்று பேரும் சிரித்தோம்.

காற்றைப் பற்றி அன்று நான் அவ்வளவு நேரம் வாய் கிழியக் கதைத்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் வளி. வளிக்கு அமுக்கம் உண்டு, அடர்த்தி உண்டு, அதை வைத்துக் கணக்குச் செய்யலாம். ஊரில் அதைக் காற்று என்பார்கள், காற்றை மூச்சாக இழுப்பார்கள். வளியும் காற்றும் ஒன்றுதான் என்பது என் மண்டைக்குள் ஏறியிருக்கவில்லை.

தீர்வு எனக்கு உடனேயே தெரிந்தது. தண்ணீர் மேலே வராவிட்டால் மிசின் கீழே போகவேண்டும். கிணற்றுக்குள் பதினைந்து அடியில் ஒரு தட்டு அமைத்து அதன்மேல் மிசினை வைத்தால், தண்ணீருக்கும் மிசினுக்கும் இடையில் பதினைந்து அடிதான். அங்கிருந்து மேலே தள்ளுவது அதற்குப் பெரிய வேலை இல்லை.

கிணற்றுச் சுவரில் துளையிட்டு இரண்டு பனங்குற்றிகளைக் குறுக்கே செருகினோம். மிசினின் பாரம், அதன் அதிர்வு, மேலே ஒரு ஆள் நின்றால் வரும் பாரம் எல்லாம் கூட்டி, குற்றி தாங்குமா என்று கொப்பியில் கணக்குப் போட்டேன். மிசினை இறக்கும்போது கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, உராய்வை வைத்துத் தனியாளாகவே அதைப் பிடித்துப் பிடித்து விட்டேன். அண்ணை ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றார். குழாய்ப் பொருத்துகளில் காற்றுக் கசியாமல் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன். எல்லாக் கணக்கும் சரி. இன்றைக்கு எந்தப் பேராசிரியரைக் கூட்டிவந்து காட்டினாலும் அந்தக் கணக்குகளில் ஒரு பிழை பிடிக்க ஏலாது.

கடைசியாக அண்ணை ஒரு வேலை செய்தார். கிணற்று வாயின் முக்கால்வாசியைப் பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடினார். "மேலால பிளேனில போறவன் பளபளக்கிற இரும்பைக் கண்டா என்னெண்டு நினைப்பானோ" என்றார். குண்டு போடுகிற பிளேனுக்குப் பயந்து அந்த நாளில் மினுங்குகிற எதையும் நாங்கள் அப்படித்தான் மூடுவோம். நான் ஓமென்று தலையாட்டினேன். கிடுகு தூக்க ஒரு கையும் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை மிசின் முதல் இழுவையிலேயே ஓடியது. தண்ணீர் குழாயால் குதித்து வந்தபோது அக்கா சின்னப்பிள்ளை போல அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மண்வெட்டியோடு ஓடிப்போய் வாய்க்கால் மாற்றினார். அண்ணை என் முதுகில் ஒன்று போட்டு, "நீ இஞ்சினியர்தானடா" என்றார். அதில் நக்கல் இல்லை.

பாதித் தோட்டம் நனைந்திருக்கும். சத்தம் தணிந்தது. பிறகு கொஞ்சம் ஏறியது. திரும்பவும் தணிந்து, விக்கி விக்கி, நின்றது.

"அறுவான், எண்ணெயில தண்ணி கலந்திட்டான்" என்று அண்ணை மண்ணெண்ணெய் விற்றவரைத் திட்டினார்.

"ஓம் அண்ணை, எண்ணெய்தான். ரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்துப் பாருங்கோ" என்றேன் நான்.

அவர் மருந்துப் போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியால் இறங்கினார். கயிறு இழுக்கிற சத்தம் இரண்டு தரம் கேட்டது. பிறகு அவரின் குரல். "தம்பி, தலை ஒரு மாதிரிக் கிடக்கு."

"வெயிலுக்க நிண்டது அண்ணை. இன்னும் ஒருக்கா இழுங்கோ."

ஐயோ, அதைத்தான் சொன்னேன். ஏறிவாருங்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்? இன்னும் ஒருக்கா இழுங்கோ என்றேன்.

கயிற்றுச் சத்தம் கேட்கவில்லை. தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

நான் ஏணியில் இறங்கினேன். ஏழெட்டுப் படி போயிருக்கமாட்டேன், காது இரண்டும் இரையத் தொடங்கியது. கிடுகுக்குக் கீழே புகை அசையாமல் அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எரிவதற்கு வளி வேண்டும். மிசின் கிணற்றுக்குள் இருந்த வளியை எல்லாம் எரித்துப்போட்டு நஞ்சுப் புகையைக் கக்கி வைத்திருக்கிறது. எண்ணெய் சரியில்லாமல் மிசின் நிற்கவில்லை, மூச்சு முட்டித்தான் நின்றது. முதலாம் வருடப் பாடம் இது. நான் எழுதிச் சித்தியடைந்த பாடம்.

கை ஏணியை விடுகிற நேரத்தில் என் சட்டைக் கொலரில் ஒரு பிடி விழுந்தது. தண்ணீர் நின்றதைக் கண்டு ஓடிவந்த அக்கா கிணற்றுக்கட்டில் குப்புறப் படுத்து, ஒரு கையால் வேப்பமர வேரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என்னை இழுத்தார். எப்படி இழுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மேலே வந்து சத்தியெடுத்தேன். சனம் ஓடிவந்தது. கிடுகை எல்லாம் இழுத்தெறிந்து, ஆட்கள் கயிற்றில் இறங்கி அண்ணையை மேலே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் அக்கா அழாமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, மிசின் ஏன் நிண்டது?"

எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். சனம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மண்ணெண்ணெய் சரியில்லை அக்கா" என்றேன்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு மிசினை மேலே எடுத்தோம். அதைத் திருத்தித் தருவதாகச் சொல்லி என் கொட்டிலுக்குக் கொண்டுவந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, மிசின் தாங்கிக்குள் கிடந்த அதே எண்ணெயோடு கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே ஓடியது. ஒரு விக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. ஒருவருக்கும் கேட்கக்கூடாதென்று பாய்ந்து நிறுத்தினேன். பிறகு அந்த எண்ணெயை வேலிக்கரையில் ஊற்றினேன். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து விளக்கு எரித்த காலத்தில், ஒரு போத்தல் நல்ல எண்ணெயை நான் மண்ணுக்குக் குடிக்கக் கொடுத்தேன்.

எண்ணெய் விற்றவர் சைக்கிளில் போத்தல் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் திரிகிற ஒரு ஐயா. அக்கா அவர் வீட்டுக்குப் போய், வீட்டில் மிச்சமிருந்த அவருடைய எண்ணெயை அவரின் வாசலிலேயே ஊற்றி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தார். அதோடு அவரிடம் எண்ணெய் வாங்குவதைச் சனம் விட்டுவிட்டது. சில கிழமை கழித்து அவர் ஒரு போத்தலோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் படிச்சனீர். இதைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லும். நான் தண்ணி கலக்கிறனான் இல்லை. அப்படியிருந்தும் என்ர எண்ணெயாலதான் அந்த மனிசன் போனதோ?"

நான் கொஞ்சம் எடுத்து விளக்கில் விட்டுப் பற்றவைத்தேன். சுவாலை ஆடாமல் எரிந்தது. அவர் சுவாலையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"ஒரு போத்தலை வைச்சு முடிவு சொல்லேலாது ஐயா" என்றேன்.

எவ்வளவு படித்த பதில்! பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போத்தலை எடுக்காமலே போனார்.

நான் அந்தக் காணியை விட்டுச் சந்திப் பக்கம் கொட்டிலை மாற்றினேன். அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தேன். அவர்தான் என்னைத் தேடி மரவள்ளிக்கிழங்கும் மிளகாயும் கொடுத்தனுப்புவார். தான் இழுத்தெடுத்த உயிர் என்று என்னில் ஒரு பட்சம். அந்தக் கிழங்கை நான் பக்கத்துக் கொட்டில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

இதற்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் மிசினை இறக்குகிற முறை ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பெயர் இஞ்சினியர் தட்டு. அண்ணைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் கவனமாக இருந்தார்கள். என்ன கவனம்? மண்ணெண்ணெயைச் சீலையில் இரண்டு தரம் வடித்துவிட்டு ஊற்றினார்கள்! நான் சொன்ன பொய்யை அவ்வளவு பக்தியாகக் கடைப்பிடித்தார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்தேன்.

அடுத்த வருட வெயிலுக்கு அக்கா, நான் திருப்பிக் கொடுத்திருந்த அதே மிசினைக் கொண்டுபோய் மற்றவர்களின் தோட்டங்களுக்கும் இறைத்துக் கொடுத்தார். விளைச்சலில் ஒரு பங்கு கொடுப்பார்கள். ஒரு நாள் காலை ஒன்பது பத்து மணி இருக்கும், நான் அந்த வழியால் சைக்கிளில் போனேன். நிலத்துக்குக் கீழே இருந்து மிசின் சத்தம் வந்தது. அந்த மிசினின் குரல் எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கவே அது தணிந்தது. ஏறியது. தணிந்தது. விக்கி நின்றது.

சைக்கிளை எங்கே போட்டேன் என்று தெரியாது. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். அக்கா சேலையை வரிந்து கட்டி, மருந்துப் போத்தலை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார். கிணற்று வாயில் கிடுகு. நான் அவர் கையைப் பிடித்து இழுத்த இழுவையில் இரண்டு பேரும் விழுந்தோம்.

"விசரே உமக்கு?" என்று கத்தினார்.

"இறங்காதேங்கோ அக்கா. எண்ணெயில பிழையில்லை."

"ரண்டு தரம் வடிச்சனான், எனக்குத் தெரியும்."

"இல்லை அக்கா. அண்டைக்கும் பிழையில்லை."

கிணற்றடியில் ஒரு போத்தல் விளக்குக் கிடந்தது. அதற்குள் மிசினுக்கு ஊற்றிய எண்ணெயையே கொஞ்சம் விட்டுப் பற்றவைத்து, வாளிக்குள் வைத்து, கயிற்றில் மெல்ல இறக்கினேன். தட்டடிக்குப் போகமுதலே சுவாலை சுருங்கி அணைந்தது. மேலே இழுத்துப் பற்றவைத்தேன். நன்றாக எரிந்தது. திரும்பவும் இறக்கினேன். அணைந்தது.

"தாரும் இஞ்சை" என்று அக்கா கயிற்றை வாங்கித் தானே இறக்கினார். அணைந்தது. கிணற்றுக்குள் குனிந்து பார்த்தார்.

"உள்ளுக்கை காத்தில்லை" என்றார்.

"ஓம் அக்கா."

"உமக்கு இது எப்ப தெரியும்?"

"ஏணியில வைச்சு. நீங்கள் என்னை இழுக்கேக்க."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "இந்தக் கையாலதான் உம்மைத் தூக்கினனான். இந்தக் கையாலதான் அந்தாளின்ர வாசலில எண்ணெயையும் ஊத்தினனான்" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வாரும்" என்று நடக்கத் தொடங்கினார். நான் சைக்கிளைத் தேடி எடுத்து உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

எண்ணெய் விற்ற ஐயாவின் கொட்டிலில் கூரை இல்லை. கூரை தாங்கி நின்ற நாலு கப்பும், அடுப்புக் கல்லும், முற்றத்தில் உடைந்த போத்தல்களும் கிடந்தன. பக்கத்துக் காணியில் விறகு கொத்திக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். "அவர் போய் ஆறேழு மாதமாகுது. எந்தப் பக்கமெண்டு தெரியாது. தன்ர எண்ணெயால ஒரு உயிர் போயிட்டுதெண்டு ஒரே புலம்பல். பிறகு எண்ணெய்ப் போத்தல் கையால தொடேல்லை."

அக்கா முற்றத்தில் அப்படியே இருந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லும்."

"என்னத்தை அக்கா?"

"அந்தாளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லும்."

வெறும் கப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விறகு கொத்தியவர் கோடரியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஐயா, உங்கட எண்ணெயில பிழையில்லை" என்றேன்.

"கேக்கேல்லை" என்றார் அக்கா.

நான் இன்னும் பலமாகச் சொன்னேன்.

"அந்தாளுக்குக் கேக்கேல்லை" என்றார்.